ஆவியானவர் தடுத்த தேசத்தின் மலை



அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தை வாசிக்கையில் நாம் பெரும்பாலும் 9ஆம் வசனத்துக்கு விரைந்துவிடுகிறோம். மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் இராத்தரிசனத்தில் நின்று அழைக்கும் காட்சி நம்மை ஈர்த்துக்கொள்கிறது. அதற்கு முன்னுள்ள 7ஆம் வசனத்தில் நாம் நிற்பதேயில்லை. பவுலும் அவருடன் சென்றவர்களும் மீசியா வரைக்கும் வந்து, பித்தினியா நாட்டுக்குள் செல்ல முயன்றார்கள். ஆவியானவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஏன் என்று லூக்கா எழுதவில்லை. பவுலும் தம் நிருபங்களில் எங்கும் அதை விளக்கவில்லை.

அந்த இரண்டு தேசங்களின் எல்லையில் ஒரு மலை நிற்கிறது. இன்றைய துருக்கியின் வடமேற்கில், மர்மரா கடலுக்குத் தெற்கே, பூர்சா மாநகரத்தின் முதுகுப்புறமாக 2,543 மீட்டர் உயரத்துக்கு எழும் மலை. பழங்காலத்தார் இதையும் ஒலிம்பஸ் என்றே அழைத்தார்கள். கிரேக்கரின் தேவர்கள் குடியிருந்ததாகக் கதை சொல்லும் ஒலிம்பஸோடு குழம்பாதிருக்கச் சிலர் மீசியா ஒலிம்பஸ் என்றும், சிலர் பித்தினியா ஒலிம்பஸ் என்றும் குறித்தார்கள். இரண்டு பெயரும் பொருந்தும்படி அது எல்லையில் நின்றது. பின்னர் வந்த துருக்கியர் இதைக் கெஷிஷ் மலை என்றார்கள். துறவிகளின் மலை என்பது பொருள். 1925ஆம் ஆண்டு அந்தப் பெயர் நீக்கப்பட்டு, உலுதா, அதாவது பெரிய மலை, என்ற பெயர் சூட்டப்பட்டது. இன்றைய வரைபடங்களில் அந்தப் பெயரே உள்ளது.

துருக்கிக்குப் பரிசுத்த பயணம் அழைத்துச்செல்லும் பயண நிறுவனங்கள் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளைக் காட்டுகின்றன. எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று பேருந்து நின்று நின்று செல்லும். உலுதா அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பவுல் கால் வைக்காத இடம் என்பது ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும் அவர் கால் வைக்காத அந்தத் தேசத்தில் சபைக்கு நேர்ந்தவை நாம் அறிந்துகொள்ள வேண்டியவை. ஓர் ஆண்டின் நான்கு பருவங்களிலும் அந்த மலைக்கு உங்களை அழைத்துச்செல்ல விரும்புகிறேன்.

குளிர்காலத்தில் தொடங்குவோம். இன்று பெரும்பாலோர் அங்கே செல்வதும் அப்போதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை, சில ஆண்டுகளில் ஏப்ரல் வரைக்கும், மேற்சரிவுகள் பனியில் மூடிக்கிடக்கும். இஸ்தான்புல்லிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பனிச்சறுக்கு விளையாட வருகிறார்கள். பூர்சாவின் விளிம்பிலிருந்து ரோப் கார் ஏறலாம். முதல் தடம் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2014இல் அதை மாற்றி ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய தடத்தை அமைத்தார்கள். கீழே வீடுகளின் ஓட்டுக்கூரைகள் தெரியும். சற்று நேரத்தில் பனி தாங்கிய ஊசியிலை மரங்களின் தலைகள் மட்டும் தெரியும். லோதோஸ் என்னும் தென்திசைக் காற்று பலமாக வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். மர்மரா கடலின் படகுகளும் நின்றுவிடும். பவுலைக் கடலில் அலைக்கழித்த யூரோக்கிலிதோன் வடகிழக்கிலிருந்து வந்த காற்று. இது அதற்கு எதிர்த்திசையிலிருந்து வருவது. பயணியைக் காத்திருக்கவைப்பதில் இரண்டும் ஒன்றே.

ஓட்டல்களும் சறுக்குத் தடங்களும் நிறைந்திருக்கும் அந்த உச்சிப் பகுதியில் பழைய சபையின் அடையாளம் எதையும் நீங்கள் காணமாட்டீர்கள். ஆனால் பித்தினியாவின் குளிர்காலங்களைச் சபையின் வரலாறு மறக்கவில்லை. இந்த மலைக்கு வடகிழக்கே உள்ள நிக்கொமேதியா நகரில் டையோக்லீஷியன் பேரரசனின் அரண்மனை இருந்தது. அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் உயரமான இடத்தில் கிறிஸ்தவர்களின் ஆலயமும் இருந்தது. கி.பி. 303 பிப்ரவரி 23ஆம் நாள் விடியற்காலையில் வீரர்கள் அந்த ஆலயத்தின் கதவை உடைத்தார்கள், வேதப்பிரதிகளை நெருப்பிலிட்டார்கள், சில மணி நேரத்தில் கட்டடத்தைத் தரைமட்டமாக்கினார்கள். ரோமப் பேரரசு சபையின்மேல் தொடுத்த கடைசியும் கொடியதுமான உபத்திரவம் அந்தக் காலையில்தான் தொடங்கிற்று.

ஆலயம் வீரர்களின் கண்ணில் படும்படி உயரத்தில் நின்றது என்பதைக் கவனியுங்கள். ஆவியானவர் பவுலைத் தடுத்த தேசம் இது. அங்கே இவ்வளவு வெளிப்படையான ஒரு சபை எப்படி உண்டாயிற்று?

இதற்கு நாம் வசந்தகாலத்துக்கு இறங்கிவர வேண்டும். ஏப்ரலிலும் மேயிலும் மலையின் பனி உருகி ஓடைகளாகப் பூர்சாவுக்குள் பாய்கிறது. பனி விலகும் விளிம்பிலேயே குங்குமப்பூ இனத்தைச் சேர்ந்த சிறு மலர்கள் தரையைப் பிளந்து எழும்புகின்றன. மேலே பனியும் நடுவே பூவும் கீழே பசுமையுமாக ஒரே பார்வையில் மூன்று பருவங்களைக் காணும் நாட்கள் அவை. அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பூர்சா அந்நாளில் புரூசா. அவ்வூரார் தங்கள் பழைய குளிப்பு மண்டபத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ள விரும்புகிறார்கள் என்று ரோம ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. வரி கூட்டாமலும் அவசியச் செலவுகளுக்குக் குறைவு வராமலும் கட்டிக்கொள்ளலாம் என்று பேரரசன் மறுமொழி தந்தான்.

பிளினி பித்தினியாவையும் பொந்துவையும் சேர்த்த மாகாணத்தை ஆண்டவர். காலம் ஏறக்குறைய கி.பி. 110 முதல் 113 வரை. குளிப்பு மண்டபத்தைப் பற்றி எழுதிய அதே கையால் அவர் கிறிஸ்தவர்களைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதினார். சபைக்கு வெளியே நின்ற ஒருவர் நம் ஆராதனையை விவரித்த எழுத்துகளில் மிகப் பழையது அதுதான். குறித்த ஒரு நாளில் விடியுமுன் இவர்கள் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தேவன் என்று எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். பிறகு சாதாரண உணவை ஒன்றாக உண்கிறார்கள் என்று அவர் அறிவிக்கிறார். பட்டணங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் நாட்டுப்புறங்களிலும் இது பரவிவிட்டதென்றும், கோயில்கள் வெறுமையாகும் நிலைக்கு வந்தனவென்றும் குறைப்படுகிறார். உண்மையைக் கறக்கும்படி இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதுகிறார். சபை அவர்களை ஊழியக்காரிகள் என்று அழைத்ததாம். அவர்கள் பெயரைப் பிளினி எழுதவில்லை.

மறுதலித்தவர்களும் அங்கே இருந்தார்கள். நான் முன்பு கிறிஸ்தவன், இப்போது இல்லை என்று சொல்லி, பேரரசனின் உருவத்துக்குத் தூபம் காட்டிச் சென்றவர்களைப் பிளினி குறிப்பிடுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன்பே விசுவாசத்தை விட்டவன் என்று சொன்னவனும் அவர்களுள் உண்டு. அப்படியானால் கி.பி. 90ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அந்த மாகாணத்தில் விசுவாசிகள் இருந்திருக்கிறார்கள் என்று நாம் கணக்கிடலாம். அதற்கும் முன்னே செல்ல நமக்கு வேதமே கைகொடுக்கிறது. பேதுருவின் முதலாம் நிருபத்தின் முதல் வசனத்தைத் திறந்து பாருங்கள். சிதறியிருக்கிற பரதேசிகளாக அப்போஸ்தலர் விளிக்கும் மக்களின் தேசங்கள் ஐந்து. ஐந்தாவதாக நிற்கும் பெயர் பித்தினியா.

பவுல் செல்லாத இடத்துக்கு யார் சென்றார்கள்? பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பொந்து தேசத்தார் இருந்தார்கள். கூடாரத் தொழிலாளியான ஆக்கில்லா பொந்துவில் பிறந்தவர். துறைமுகப் பட்டணங்களுக்கு வணிகர்கள் வந்துபோனார்கள். யாரோ ஒருவர், ஒருவேளை பலர், செய்தியைக் கொண்டுபோனார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அவர்களுக்கு ஓர் அதிகாரம் இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாயிருக்கிறது. தடுக்கப்பட்டது பவுலின் பயணம் மட்டுமே. ஊழியத்தில் நமக்கு அடைபட்ட ஒரு வாசலை நாம் தேவனுக்கே அடைபட்டதாக எண்ணிக்கொள்கிறோம். நம்முடைய ஊழியக் கூட்டங்களில் கேட்கப்படும் சாட்சிகளில் இந்த மயக்கம் அடிக்கடி எட்டிப்பார்க்கிறது.

கோடைக்கு ஏறுவோம். மே மாத இறுதியில் தொடங்கும் இந்தப் பருவத்தில்தான் மலை தன்னை முழுமையாகத் திறந்து காட்டுகிறது. சரிவில் மேலேறும்போது மரங்கள் அடுக்கடுக்காக மாறுகின்றன. அடியில் ஒலிவம், சற்றுமேல் கஷ்கொட்டை, அதற்குமேல் பீச் மரம், பிறகு ஊசியிலைக் காடு. முடிவில் மரமே இல்லாமல் புல்லும் பாறையும். பழங்காலப் பனியாறுகள் குடைந்துவைத்த சிறு ஏரிகள் உச்சியின் கீழே வரிசையாகக் கிடக்கின்றன. அப்போலோ என்னும் வெண்ணிற வண்ணத்துப்பூச்சி, சிறகில் சிவப்புப் புள்ளிகளோடு, இந்த மேட்டுநிலத்தில் பறக்கிறது. 1961 முதல் இப்பகுதி தேசியப் பூங்காவாக இருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் இறைச்சியை வாங்கித் தாங்களே கனலில் சுட்டு உண்ணும்படி சரியாலன் என்ற இடத்தில் மரத்தடியில் மேசைகளும் அடுப்புகளும் உண்டு. உஸ்மானிய சுல்தான்கள் கோடையில் அருந்திய சர்பத்துக்கு இந்த மலையின் பனிதான் போயிற்று. கோவேறு கழுதைகளில் முதான்யா துறைமுகத்துக்கு இறக்கி, அங்கிருந்து கப்பலில் தலைநகருக்கு அனுப்பினார்களாம்.

சபையின் வரலாற்றிலும் பித்தினியாவின் ஒரு கோடைகாலம் பெரியது. கி.பி. 325. பூர்சாவிலிருந்து வடகிழக்கே 80 கிலோமீட்டர் அளவில், ஏரிக்கரையில் இருக்கும் இஸ்னிக் என்ற சிற்றூர்தான் அந்நாளின் நிசேயா. கான்ஸ்டன்டைன் பேரரசன் அழைக்க, வசந்தத்தின் சாலைகளில் பயணமாகி வந்த பேராயர்கள் மே மாதம் முதல் கோடை வரைக்கும் அங்கே கூடி ஆலோசித்தார்கள். டையோக்லீஷியன் தொடங்கிய உபத்திரவத்தில் உடல் ஊனமுற்றவர்களும் அவர்களிடையே இருந்தார்கள் என்று பழைய சபை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நிக்கொமேதியாவில் ஆலயம் இடிக்கப்பட்டு 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. மாகாணமும் அதே மாகாணம். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று நாம் திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று அறிக்கையிடும் நிசேயா விசுவாசப் பிரமாணம் அங்கே வடிவெடுத்தது. 381இல் கான்ஸ்டான்டிநோபிள் மாநாட்டோடு அது நாம் இன்று சொல்லும் உருவைப் பெற்றது. 2025ஆம் ஆண்டோடு நிசேயாவுக்கு 1,700 ஆண்டுகள் நிறைந்தன.

மலைக்குத் துறவிகளின் பெயர் வந்தது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. கிறிஸ்துவின் காலத்தை ஒட்டி வாழ்ந்த நிலவியலாளர் ஸ்திராபோ, அடர்ந்த காடும் அரணும் உள்ளதால் கொள்ளைக்காரர்கள் பதுங்கிய மலையாக இதைக் குறிக்கிறார். எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அதே காடுகளிலும் அவற்றைச் சூழ்ந்த சமவெளியிலும் துறவிமடங்கள் பெருகின. தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கடலைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவு. ஆனால் அரண்மனையின் கை எளிதில் நீளாத உயரம்.

அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தியோடர் என்பவர் கி.பி. 759இல் கான்ஸ்டான்டிநோபிளில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாய்மாமன் பிளாட்டோ ஏற்கெனவே இம்மலையில் துறவியாயிருந்தார். (தத்துவஞானி பிளாட்டோ அல்லர்.) குடும்பத்தின் நிலத்தில், மலைக்கு அண்மையில், சக்குதியோன் என்ற மடத்தை இவர்கள் நிறுவினார்கள். 795ஆம் ஆண்டு பேரரசன் ஆறாம் கான்ஸ்டன்டைன் தன் மனைவியை மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தியோதொத்தே என்ற பெண்ணை மணந்துகொண்டான். அவள் தியோடருக்கே உறவினள். உறவுப்பெண் பட்டத்தரசியானால் வாய்மூடி ஆதாயம் தேடுவதே உலகத்தின் வழக்கம். பிளாட்டோவும் தியோடரும் இது விபசாரம் என்று அறிவித்து, அந்தத் திருமணத்தை நடத்திய குருவோடு ஐக்கியம் கொள்ள மறுத்தார்கள். ஏரோதின்முன் நின்ற யோவான்ஸ்நானகன் உங்கள் நினைவுக்கு வரலாம். தியோடருக்கும் அவரே நினைவுக்கு வந்தார்.

வீரர்கள் மலையடிவாரத்துக்கு வந்தார்கள். பிளாட்டோ தலைநகரில் சிறைவைக்கப்பட்டார். தியோடர் அடிக்கப்பட்டு, 797ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளிர் இன்னும் விலகாத நாட்களில், நாடுகடத்தப்பட்டுத் தெசலோனிக்கேயாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்தப் பயணத்தை நாள்நாளாகச் சொல்லித் தம் மாமனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டில் பேரரசன் தன் சொந்தத் தாயினாலேயே கண்கள் பறிக்கப்பட்டுப் பதவியிழந்தான், தியோடர் திரும்பிவந்தார். இதைத் தேவன் பழிவாங்கினார் என்று எளிதாகப் பிரசங்கித்துவிடலாம். மகனின் கண்களைப் பறித்த ஐரீன் பேரரசியின் கையைக் கர்த்தருடைய கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தியோடர் பிற்காலத்தில் மேலும் இருமுறை நாடுகடத்தப்பட்டார்; 826இல் மரித்தார். சொரூபங்களைக் குறித்து அவர் வாதாடிய கருத்துகளோடு நம் சபைப் பாரம்பரியம் உடன்படுவதில்லை. அவருடைய விடாப்பிடியும் சில வேளைகளில் அளவு மீறியதே. ஆனால் மடத்தலைவன் எவனும் அடிமைகளை வைத்துக்கொள்ளலாகாது, அவர்களும் தேவனுடைய சாயலாக உண்டானவர்களே என்று அவர் தம் சீடர்களுக்கு எழுதிவைத்ததை வாசிக்கும்போது, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அடிமைகளை வைத்திருந்த கிறிஸ்தவ நாடுகளை எண்ணி நான் தலைகுனிகிறேன்.

செல்வரும் கல்விமானுமான தியோடருக்கு நேரெதிரானவர் யோவானிக்கியோஸ். சிறுவயதில் பன்றி மேய்த்தவர், எழுத்தறியாதவர், பேரரசனின் காவற்படையில் பல ஆண்டுகள் சேவித்தவர். 792இல் பல்கேரியரோடு நடந்த மார்க்கெல்லே போரில் பேரரசின் படை முறியடிக்கப்பட்ட பின், இவர் படையை விட்டு இந்த மலைக்கு வந்தார். முதலில் சங்கீதங்களை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொண்டார். மக்கள் தேடி வரத் தொடங்கியதும் வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிடுவது அவருடைய வழக்கம். 846 நவம்பரில் முதிர்வயதில் மரித்தார். பிதாவையும் குமாரனையும் ஆவியானவரையும் தம் நம்பிக்கையும் அடைக்கலமும் பாதுகாப்புமாகச் சொல்லும் மிகச்சிறு ஜெபமொன்று அவருடையதாகக் கீழைச் சபைகளில் இன்றும் வழங்குகிறது. போர்க்களத்தைக் கண்டு திரும்பிய மனிதனுக்கு நீண்ட ஜெபங்கள் வாய்க்கவில்லை போலும்.

இன்னும் இருவர் இங்கே தங்கியிருந்தார்கள். மெத்தோடியஸ் அரசுப் பதவியைத் துறந்து இம்மலையில் துறவியானார். அறிஞரான அவருடைய தம்பி சிரில் பின்னர் அவரிடம் வந்து சேர்ந்தார். 863ஐ ஒட்டி இருவரும் மொராவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எழுத்தே இல்லாதிருந்த ஸ்லாவியரின் மொழிக்குச் சிரில் எழுத்துகளை வகுத்தார். சுவிசேஷங்கள் அம்மொழியில் வந்தன. எபிரெயு, கிரேக்கு, இலத்தீன் என்னும் மூன்று மொழிகளில்தான் தேவனைத் துதிக்கலாம் என்று வெனிஸ் நகரில் குருமார் எதிர்த்து நின்றபோது, தேவன் பெய்யும் மழை எல்லார்மேலும் ஒன்றுபோல் விழவில்லையா என்று சிரில் கேட்டதாக அவருடைய வரலாறு கூறுகிறது. மலையின் மழையையும் பனியையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வாதம் எளிதில் கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். ஐரோப்பாவின் கிழக்குப் பாதி தன் சொந்த மொழியில் வேதம் கேட்டது. பவுல் நுழைய முடியாத தேசத்திலிருந்து அந்த ஊழியக்காரர்கள் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

1326இல் பூர்சா உஸ்மானியர் வசமாயிற்று. அவர்களுடைய தலைநகரும் ஆயிற்று. மலைச்சாலையில் இன்காயா என்ற இடத்தில் ஏறக்குறைய 600 வயதுள்ள சினார் மரமொன்று பரந்து நிற்கிறது. அதன் நிழலில் இன்று மக்கள் தேநீர் அருந்துகிறார்கள். அந்த மரம் முளைப்பதற்குச் சில தலைமுறைகள் முன்னே, 1354இல், தெசலோனிக்கேயாவின் பேராயர் கிரகோரி பாலமாஸ் துருக்கியரிடம் சிறைப்பட்டு இந்தப் பகுதியின் வழியாகக் கொண்டுபோகப்பட்டார். பூர்சாவையும் நிசேயாவையும் கண்ட அவர் தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில், வழியில் சந்தித்த கிறிஸ்தவர்கள் தம்மைச் சூழ்ந்து நின்றதைச் சொல்கிறார். தேவன் எங்கள் ஜனத்தைக் கைவிட்டது ஏன் என்று சிலர் கண்ணீரோடு கேட்டார்கள். அதே கோடையில் நிசேயாவின் நகர்வாயிலருகே ஓர் இஸ்லாமிய குருவோடு அவர் கிறிஸ்துவைக் குறித்து உரையாடினார். சுற்றி நின்றவர்களில் சிலர் கோபித்தாலும் பேச்சு மரியாதையோடே முடிந்தது. தாம் சிறைப்பட்டதன் வழியாய்க் கிறிஸ்துவின் செய்தி அவர்கள் செவியில் விழுந்ததையும் தேவனுடைய ஏற்பாடாகவே அவர் கண்டார். கண்ணீரோடு நின்றவர்களுக்கு அந்தப் பதில் போதுமானதாயிருந்ததா என்பது வேறு.

இலையுதிர்காலம் மலையில் அழகானது. அக்டோபரில் பீச் மரங்கள் மஞ்சளும் செம்பும் ஆகின்றன. கஷ்கொட்டை முட்கூடுகளோடு உதிர்கிறது. பூர்சாவின் கடைகளில் அதைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து இனிப்பாக விற்பார்கள். வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து மர்மரா கடல் தெரியும். அந்தக் கரையில்தான் முதான்யா. 1922 அக்டோபர் 11ஆம் நாள் அங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னே பூர்சாவைக் கைப்பற்றியிருந்த கிரேக்கப் படை அந்தச் செப்டம்பரில் பின்வாங்கியது. மலையடிவாரத்துக் கிரேக்கக் கிறிஸ்தவர்களும் வீட்டைப் பூட்டிக் கடலை நோக்கி நடந்தார்கள். 1923 ஜனவரியில் லோசானில் செய்யப்பட்ட உடன்படிக்கை அந்தப் பிரிவைச் சட்டமாக்கிற்று. அனத்தோலியாவின் ஆர்த்தோடாக்ஸ் கிறிஸ்தவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிரேக்க நாட்டுக்கும், அங்கிருந்த முஸ்லிம்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்கும் இடம் மாறியதாயிற்று. அந்த முஸ்லிம் குடும்பங்களும் பிறந்த வீட்டையும் பெற்றோரின் கல்லறைகளையும் விட்டே வந்தன என்பதை நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். மதமே அங்கே கணக்கெடுக்கும் அளவுகோலாயிருந்தது. ஒருவர் எந்த மொழி பேசினார் என்றுகூட அவர்கள் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் துறவிகளின் மலை என்ற பெயரும் போயிற்று. மலையில் பழைய மடங்களைத் தேடுகிறவருக்குச் சிதறிய கற்களுக்குமேல் அதிகம் கிடைக்காது. கடற்கரையில் திரிலியே என்ற ஊரில், பைசாந்திய காலத்து ஆலயமொன்று சில நூற்றாண்டுகளாய் மசூதியாக இருந்துவருகிறது. ஒலிவத்துக்குப் பேர்போன ஊர் அது. மலைக்குப் போகிறவர்கள் ஒரு பகல் ஒதுக்கி அங்கேயும் போகலாம்.

விளக்குத்தண்டு நீக்கப்பட்டது என்று இதைப் பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 2:5ஐ எடுத்து, அவர்கள் ஆதி அன்பை விட்டார்கள், ஆகவே துருக்கியில் சபை அழிந்தது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த வார்த்தை உயிரோடிருந்த எபேசு சபைக்கு அதன் ஆண்டவர் நேரே சொன்ன எச்சரிப்பு. அகதிகளாய் நடந்துபோன குடும்பங்களின்மேல், ஒரு நூற்றாண்டுக்கும் பின்னர், வேறொரு தேசத்தில் பாதுகாப்பாய் அமர்ந்திருக்கும் நாம் எடுத்து வீசும்படி அது எழுதப்படவில்லை. பிளினியின் முன் மறுதலித்தவர்களும் உண்டு, வதைக்கப்பட்ட அந்த இரு பெண்களும் உண்டு. பித்தினியாவின் சபை எப்போதும் இரு வகையினரையும் கொண்டதாகவே இருந்தது, நம் சபையைப் போல. வேறு சிலர், குளிருக்குப் பின் வசந்தம் வருவதுபோல அங்கே சபை மீண்டும் துளிர்க்கும் என்பார்கள். விருப்பம் நல்லதே. ஆனால் பனி தானே உருகும். சபை தானே எழும்பாது. யாராவது போக வேண்டும், அல்லது போகாமலே யாராவது அங்கேயே கேட்டு விசுவாசிக்க வேண்டும். ஆவியானவர் பவுலைத் தடுத்த காரணத்தைச் சொல்லாததுபோலவே இதற்கும் காரணம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் நாம் சொல்லிவைப்பது ஊழியமாகாது.

பூர்சா நகரில் பழைய பிரெஞ்சு ஆலயம் என்று வழங்கும் கட்டடம் ஒன்று உண்டு. வெவ்வேறு சபைப் பிரிவுகளைச் சேர்ந்த சிறு குழுக்கள் அதைப் பகிர்ந்துகொண்டு ஆராதித்து வந்திருக்கின்றன. துருக்கி மொழியில் ஆராதிக்கும் விசுவாசிகளும் அவர்களுள் உண்டு. அவர்கள் மொழிக்கு வேதம் வந்த வழியும் வியப்பானதே. 17ஆம் நூற்றாண்டில், சிறைபிடிக்கப்பட்டு அடிமையாய் இஸ்தான்புல்லுக்கு வந்து, பின்னர் சுல்தானின் மொழிபெயர்ப்பாளரான போலந்து நாட்டான் ஒருவர், அலி பே என்று அழைக்கப்பட்டவர், முழு வேதத்தையும் துருக்கி மொழியில் பெயர்த்தார். அது கையெழுத்துப் பிரதியாகவே நெடுங்காலம் கிடந்து, 1827இல்தான் முழுமையாக அச்சேறிற்று. இன்றைய துருக்கியர் எளிதில் வாசிக்கும் புதிய மொழிபெயர்ப்பு 2001இல் வெளிவந்தது. பேதுருவின் முதலாம் நிருபத்தைத் திறக்கும்போது, முதல் வசனத்திலேயே தங்கள் சொந்த மாகாணத்தின் பெயரை அவர்கள் தங்கள் மொழியில் வாசிக்கிறார்கள்.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அந்தச் சிறு கூட்டத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் அதிகாரத்தை, அவசரமில்லாமல், வீட்டில் சத்தமாக வாசியுங்கள்; பிள்ளைகள் பித்தினியா எங்கே இருக்கிறது என்று கேட்டால் வரைபடத்தில் மர்மரா கடலுக்குத் தெற்கே காட்டுங்கள். பயணம் போக வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜூன் மாதம் நல்லது. உச்சியில் பனித் திட்டுகள் இன்னும் கிடக்கும், வழி திறந்திருக்கும், மறுநாள் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குமுன் நிசேயாவின் ஏரிக்கரையை அடைந்துவிடலாம்.